அணியத்தில் வைக்காத பாரம்

அண்ணா, இதை எழுதுவது நான், பேசுவது அப்பா. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். அவர் சொல்வதில் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல், உண்மையாக எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் நோட்டைத் திறந்தேன். "கொஞ்சம் பாத்து எழுதும்மா" என்றார். "பாத்தெல்லாம் எழுத மாட்டேன்ப்பா, நடந்ததை எழுதுவேன்" என்றேன். சரி என்றார். அவர் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன். விஷயத்தில் எதையும் மாற்றவில்லை. இதை உனக்குத் தபாலில் அனுப்புவதற்கு முன்னால் நம் குப்பத்து வலைக்கூடத்தில் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். ஏன் என்பது போகப்போகத் தெரியும். இனிமேல் வரும் "நான்" அப்பா.

சேகர், வெள்ளிக்கிழமை ஒரு ஆள் வருவான், பிக்கப் வண்டியையும் படகு இழுக்கும் டிரெய்லரையும் பார்ப்பான், பிடித்திருந்தால் சாவியைக் கொடுத்துவிடு என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். நீ குவைத்துக்குப் போகிறாயாம், அங்கே ஏதோ கிடங்கில் மூட்டை தூக்கும் வேலையாம். அங்கேயும் டிரைவர் வேலை கிடைக்குமே என்று அம்மா கேட்டதற்கு, "இனிமே ஸ்டீரிங்கைத் தொட மாட்டேம்மா, அப்பா காலை நசுக்கினதே போதும்" என்று சொன்னாயாம். அம்மா அதை அடுப்படியில் நின்று சொன்னாள். நான் கட்டிலில் கிடந்தேன். அவள் போனை வைத்த பிறகு எனக்குச் சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிகிற வரைக்கும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை. அடிபட்டுக் கிடந்த நாலு மாதமும் அப்படித்தான் போனது.

இந்த அறையில் எனக்கு என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். ஜன்னலில் ஆறு கம்பி. கம்பிக்கு வெளியே நம் படகின் பின்பக்கம். அது டிரெய்லர் மேலேயே நிற்கிறது, அடியில் விட்ட விரிசலோடு. அதற்கு முன்னால் உன் பிக்கப் வண்டி, தார்ப்பாய் மூடி. தொடையில் கம்பி வைத்திருப்பதால் இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. அதனால் விடிந்தால் படகின் பின்பக்கம், மத்தியானம் படகின் பின்பக்கம், சாயங்காலம் படகின் பின்பக்கம். கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடினால் அதைவிட மோசமான ஒன்று தெரிகிறது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள். "வயசுப் பையனுங்க கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தாண்ணே" என்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். எழுந்து போய்விடலாம் என்றால் கால் வராது. இல்லையப்பா, அப்படி இல்லை என்று சொல்லலாம் என்றால் முதல் ஆளிடமே சொல்லியிருக்க வேண்டும். பத்தாவது ஆளிடம் எப்படிச் சொல்வது? நேற்று தலையை ஆட்டினது இன்றைக்கு வாயைக் கட்டிவிடுகிறது.

நடந்தது உனக்குத் தெரியும். நடந்ததற்கு முந்தினது உனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகை, அடிவிரிசலுக்கு ஃபைபர் ஒட்டப் பாண்டிச்சேரி பக்கம் எடுத்துப்போவதாக முடிவு செய்தோம். அதற்கு முன்னால் நான் எத்தனையோ படகு இழுத்திருக்கிறேன், டிராக்டரில், மணலில். புயல் எச்சரிக்கை என்றால் நம் குப்பத்தில் முதலில் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாளில் பதினைந்து படகுகூட மேட்டுக்கு ஏற்றியிருக்கிறேன். மணலில் ஆள் நடக்கிற வேகம்தான். பாரம் முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன? பின்னால் இருந்தால் இன்னும் நல்லது, டிராக்டரோடு மாட்டுகிற கொக்கி மணலில் புதையாது. அதோடு அணியம் என்பது நமக்குச் சாமி இருக்கிற இடம். படகின் அந்த முன்மூக்கில்தான் குங்குமம் வைக்கிறோம், கற்பூரம் காட்டுகிறோம். செருப்புக் காலோடு யாரும் அதை மிதிக்க மாட்டான். அதன் மேல் பாரம் ஏற்ற மாட்டான். என் அப்பா ஏற்றியதில்லை, நானும் ஏற்றியதில்லை.

நீ சென்னைப் பக்கம் ஒரு படகுத்துறையில் இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு வந்தாய். தார் ரோட்டில் படகு இழுக்கிற வேலையை அங்கே கற்றுக்கொண்டாய். வந்த முதல் மாதம் கடற்கரையில் காலி டிரெய்லரைப் பின்னால் தள்ளிக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? நான் அதற்கு முன்னால் மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் கோணலாக்கி வைத்திருந்தேன். நீ ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு கையை வைத்து, "இந்தக் கை எந்தப் பக்கம் போவுதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போவும்ப்பா, அவ்ளோதான்" என்று சொல்லி, இரண்டு கட்டுமரத்துக்கு நடுவில் கொண்டுபோய்ச் சரியாக நிறுத்தினாய். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஏழுமலை, "அண்ணே, இனிமே ஒன் டிராக்டரை வெயில்ல காயப் போடு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த புயலுக்கு எல்லாரும் உன்னைக் கூப்பிட்டார்கள். அப்போது நான் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டு, "அப்போ பாரத்தை நீ சாமிக்காக மட்டும் மாத்தி வெக்கலியாப்பா?" என்று கேட்டாள். இல்லை. அதையும் எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் நீ எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாய். இஞ்சினைக் கழற்றிப் படகுக்குள்ளே, டிரெய்லர் சக்கரத்தின் அச்சுக்கு முன்பக்கமாகப் படுக்க வைத்துக் கட்டியிருந்தாய். வலையை இரண்டு கட்டாக அணியத்தில் ஏற்றியிருந்தாய். நங்கூரமும் முன்னால்தான். கொக்கியைப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று டிரெய்லரின் இழுவைக் கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாய். இரண்டு சங்கிலியையும் கம்பிக்கு அடியில் குறுக்குக்குறுக்காகப் போட்டு மாட்டினாய். "சக்கரத்துல காத்து பாத்துட்டு, அப்படியே டீ வாங்கியாரேன்" என்று ஏர் பம்ப் எடுத்துவரப் போனாய். நான் கற்பூரத்தோடு வந்தேன். அணியத்தில் வலை. அதுவும் ஈர வலை, மீன் நாற்றத்தோடு. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஏழுமலையைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக வலையை இழுத்துப் பின்னால் போட்டோம். இஞ்சினைத் தூக்கிப் படகின் கடைசியில் அதன் வழக்கமான இடத்தில் மாட்டினோம். நங்கூரமும் பின்னால் போனது. அணியத்தைத் துடைத்து, கற்பூரம் காட்டி, தார்ப்பாயை முன்பு இருந்தபடியே இழுத்துக் கட்டினேன்.

நீ டீயோடு வந்து பார்த்தாய். "தார்ப்பாயை யாருப்பா அவுத்தது?" என்று கேட்டாய். "காத்துல அவுந்துச்சிடா, நான் கட்டிட்டேன்" என்றேன். முதல் பொய் அது. ஏழுமலை அதற்குள் அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

நீ வேகமாக ஓட்டவில்லை. வேகமாக ஓட்டினாய் என்றுதான் ஊர் முழுக்க நான் சொன்னேன், அதனால் ஊர் முழுக்கக் கேட்கும்படி இப்போது சொல்கிறேன்: நீ வேகமாக ஓட்டவில்லை. சைக்கிளில் போன ஒருத்தர் கொஞ்ச நேரம் நம் கூடவே வந்தார். "என்னடா, ஊர்வலமா போற?" என்று நான் கிண்டல் செய்தேன். உப்பளத்துக்கு நடுவில் ரோடு நேராகப் போகிற இடத்தில் சைக்கிளைத் தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்தாய், எல்லா வண்டியும் போகிற வேகம்தான். அப்போது பின்னாலிருந்து வந்த பஸ் ஒட்டினாற்போல் தாண்டியது. அந்தக் காற்றில், பாரமெல்லாம் பின்னால் இருந்த டிரெய்லரின் பின்பக்கம் ஆடத் தொடங்கியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒவ்வொரு தடவையும் முன்னைவிடப் பெரிதாக. நாய் வாலை ஆட்டுவது போல இல்லை, வால் நாயை ஆட்டுவது போல. நீ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டாய். நான் உன் தோளில் அடித்தேன்.

"பிரேக்கு போடுடா!"

"வேணாம்ப்பா, தானா அடங்கும், பேசாம இரு."

"பிரேக்கு போடுடான்றேன், டேய்!"

நடக்கப் பழகின நாள் முதல் என் சத்தத்துக்குப் பழகின கால் அது. அழுத்திவிட்டது. டிரெய்லர் மடங்கிக்கொண்டு வந்து வண்டியைத் தள்ளியது. வண்டி இடது பக்கமாகப் போய் உப்புப் பாத்தி வரப்பில் சாய்ந்து நின்றது. நீ சரிபார்த்துப் பூட்டின கொக்கி மட்டும் பிடித்திருக்காவிட்டால் படகு பாத்திக்குள் இறங்கியிருக்கும். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். நம் இரண்டு பேருக்கும் அப்போது ஒரு கீறல்கூட இல்லை. அதை மறக்காதே. நீ ஓட்டின வண்டியில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனது அதற்கப்புறம். "நடுவுல போவாதப்பா, சக்கரத்துக்குக் கட்டை வெக்கறேன், இருப்பா" என்று நீ கத்திக்கொண்டே கட்டையை எடுக்க ஓடினாய். நான் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் போய் நின்று கொக்கியின் பூட்டைத் தூக்கினேன். யாரும் பார்ப்பதற்குள் டிரெய்லரைக் கழற்றி வரப்போரம் சாய்த்துவிட்டால் உள்ளே எல்லாம் கலைந்துபோகும், பாரத்தை மாற்றி வைத்ததை மறைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. பூட்டைத் தூக்கினதும் இழுவைக் கம்பி துள்ளி மேலே போனது. பின்னால் அவ்வளவு பாரம். கம்பி என் மூக்குக்கு முன்னால் துள்ளின அந்த நொடியிலேயே எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது, யார் செய்த வேலை இது என்று. டிரெய்லர் சரிவில் உருண்டு வந்து என் தொடையை உன் வண்டியின் பின்கதவோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. முன்னால் தகரம், பின்னால் இரும்பு. மூச்சை முழுக்க இழுத்தால் கம்பி இன்னும் இறுகுவது போல இருந்தது, அதனால் அரை மூச்சாக விட்டுக்கொண்டிருந்தேன். நீ உன் தோளைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, முதுகை வண்டியில் முட்டு வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாய். உன் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா, அப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். உப்பளத்து ஆட்கள் உப்பு வாருகிற பலகையோடு ஓடி வந்து அதையே சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் எல்லாரும் கேட்கத்தான் நான் கத்தினேன்: "படுபாவி, மெதுவா ஓட்டுடான்னா கேட்டியா? அப்பனைக் கொன்னுட்டியேடா!" அவர்களில் மூத்தவள், பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது, என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள், "ஏம்பா, அவன் தோள் குடுக்கங்காட்டியும்தான் நீ பேசிக்கினு இருக்கற. வாயை மூடு" என்றாள். நம்மை யாரென்றே தெரியாதவள், பார்த்த மாத்திரத்தில் பார்த்ததைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள் நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னதை நான் தினமும் கேட்கிறேன். "இஞ்சின் வரைக்கும் எல்லாம் பின்னாடி போயிருக்குதுப்பா. நான் கட்டினது நழுவிடுச்சி. எங்கியோ முடிச்சைத் தப்பாப் போட்டிருக்கேன்." அடித்து வைத்தது போல இடத்தில் மாட்டியிருக்கிற இஞ்சின் எப்படியடா நழுவிப் போய் மாட்டிக்கொள்ளும் என்று நீ யோசிக்கவில்லை. அப்பன் ஒரு கை வைத்திருப்பான் என்று உனக்குத் தோன்றவே இல்லை. நான் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. "ஆமாண்டா" என்றேன். அந்த ஒரு வார்த்தை. மறுநாள் நீ வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனாய்.

உன் முடிச்சு நழுவவில்லை, சேகர். நான் அவிழ்த்தேன்.

அப்பன் என்ற முறையில் புத்தி சொல்ல வேண்டுமாம், கடிதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறாள் உன் தங்கை. என்னிடம் இருப்பதெல்லாம் நீ அன்றைக்குச் செய்ததுதான். பாரத்தை அச்சுக்கு முன்னால் வை, கொக்கியின் மேல் ஒரு ஆள் ஏறி நிற்பது போல அது அழுந்த வேண்டும். யாராவது, அது நானாகவே இருந்தாலும், கட்டினதற்குப் பிறகு தார்ப்பாயைத் தொட்டிருந்தால் முழுக்க அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் புறப்படு. கொஞ்ச தூரம் போனதும் நிறுத்து, கட்டுகள் இளகியிருக்கின்றனவா என்று இழுத்துப் பார், சக்கரத்தின் நடுவில் இருக்கிற குடத்தில் கையை வை, கை சுட்டால் போகாதே. ஆடினால் காலை எடு, பிரேக்கை மறந்துவிடு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கத்தினால் கத்தட்டும். கட்டை வைக்காமல் கொக்கியைத் தொடாதே. அன்றைக்கு நீ இவற்றில் ஒன்றே ஒன்றில்தான் தவறினாய், என் பேச்சைக் கேட்டாய். குவைத்துக்குப் போவதானால் போ. மூட்டை தூக்குவது கேவலம் இல்லை. ஆனால் நான் செய்த தப்பைத் தூக்கிக்கொண்டு போகாதே.

இதுவரைக்கும் அப்பா சொல்ல நேற்று எழுதியது, இனிமேல் வரும் "நான்" நான்தான். இன்று காலை நான்கு பேர் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வலைக்கூடத்தில் வைத்தார்கள். நான் படித்தேன். முடித்ததும் ஏழுமலை மாமா எழுந்து, "இஞ்சினைப் பின்னாடி தூக்கி வெச்சதே நான்தான்யா! எங்கிட்ட ஒருத்தன் கேட்டீங்களா?" என்றார். "நாலு மாசமா நீ எங்கய்யா போன?" என்று யாரோ கத்தினார்கள். "பாரம் எங்க இருந்தா என்ன ஆவும்னு எனக்கு என்னய்யா தெரியும், தூக்கச் சொன்னாரு, தூக்கினேன்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ நாங்க வாங்கியாந்த ஆப்பிளு?" சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கோயில் பெரியவர், "அது இருக்கட்டும், அணியத்துல வலையை வெச்சா குத்தமில்லியாப்பா?" என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து, "கடல்ல போவும்போது அது சாமிக்குங்க. ரோட்டுல போவும்போது கொக்கிக்கு. எம்புள்ள சரியாத்தான் வெச்சான்" என்றார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

யாரோ அதைப் போனில் வீடியோ பிடித்து உனக்கு அனுப்பிவிட்டார்கள் போல. சாயங்காலம் நீ கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன். "அப்பாகிட்ட குடுக்கட்டுமாண்ணா?" என்று கேட்டேன். "வேணாம்" என்றாய். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீ, "வெள்ளிக்கிழமை வர்ற ஆளை வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாய். அப்புறம், "டிரெய்லர்ல பின் லைட்டு எரியுதா பாரு" என்றாய்.

நீ போனை வைக்காமல் காத்திருந்ததால் எல்லாவற்றையும் உடனே செய்தோம். அம்மா தார்ப்பாயை விலக்கிவிட்டு வண்டியில் ஏறினாள். நான் டிரெய்லரின் ஒயரை வண்டியில் சொருகினேன், பிளக்கின் ஊசியில் உப்புப் பூத்திருந்தது, தாவணி முனையால் துடைத்துவிட்டு மறுபடி சொருகினேன். அம்மா சாவியைத் திருப்பினாள். முதலில் வலது விளக்கு, ஒரு தட்டுத் தட்டியதும் இடது விளக்கு. இரண்டும் எரிந்தன. பிரேக்கை மிதித்தபோது இன்னும் சிவப்பாக எரிந்தன. படகின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது, அறைக்குள் அப்பா முகத்திலும். "ரெண்டும் எரியுதுண்ணா" என்றேன். "சரி, அணைச்சிடச் சொல்லு. நான் வர்றதுக்குள்ள பேட்டரி எறங்கிடும்" என்றாய். அம்மா சாவியைத் திருப்பினாள். விளக்குகள் அணைந்தன.